சாமிக்கு முடிந்து வைத்த விதை

தாது வருஷத்தில் பிறந்தவர் என்பதைத் தவிர அப்பத்தாவுக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. கணக்குப் போட்டால் 1936, 37 வருகிறது. ஆனால், அதற்கு 60 ஆண்டுகளுக்கு முந்தைய தாது வருஷம் அவருக்கு நன்றாகத் தெரியும். 1876-ல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தை, அவருடைய அம்மாவைப் பெற்ற கிழவி சிறுமியாக இருந்து கண்ணால் பார்த்தவர். அந்தக் கிழவி சொன்ன கதைகளில் ஒன்றை மட்டும் அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பசி தாங்காமல் விதைநெல்லையும் குத்திக் காய்ச்சிக் குடித்த வீடுகள், மழை வந்த பிறகும் பிழைக்கவில்லை என்பதுதான் அது. ''பட்டினியில செத்தது பாதி, வெத இல்லாமச் செத்தது பாதி'' என்பார்.

சிவகங்கை மாவட்டம், இளையான்குடி பக்கத்துக் கண்மாய்க் கிராமம் ஒன்றில் 85 வயது வரை வாழ்ந்தவர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அப்பத்தா, மீதிப் பேருக்குப் பெரியாத்தா. பள்ளிக்கூடம் போனதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். ஆனால், எந்த வீட்டு விதை முளைக்கும், எது முளைக்காது என்று கேட்க, படித்தவர்களும் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்தார்கள்.

விடியலுக்கு முன்னே ஒரு விளக்கு

காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். வாசலில் சாணம் தெளித்து, கோலம் போட்டு, சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத்தான் மாட்டுக் கொட்டத்துக்குள் நுழைவார். பால் பீச்சி, கஞ்சி வைத்து, தூக்குச்சட்டியோடு வயலுக்குக் கிளம்பும்போது கிழக்கு வெளுத்திருக்காது. செவ்வாய், வெள்ளி ஒரு பொழுதுதான் சாப்பாடு. அந்த இரண்டு நாளும் வேலை குறையாது. ''விரதம் வயித்துக்குத்தான், கைக்கு இல்ல'' என்பது அவர் கணக்கு.

பங்குனியில் தாயமங்கலம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நடந்தே போவார். பெரிய மகனுக்கு அம்மை போட்டுப் பிழைத்த ஆண்டு தீச்சட்டி எடுத்தார். பங்குனி என்றால் இந்தப் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கும் காலம். திருவிழாவுக்கு முதல் நாள் வரை பழம் எடுத்து, களத்தில் காயப்போட்டு, எரியும் கைகளில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு மஞ்சள் சேலையை உடுத்துவார். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே களத்தில் மிளகாயைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தபோது வயது 15. கணவருக்குச் சொந்த நிலம் இல்லை. வாரத்துக்கு உழுதார்கள். இருவரும் 20 ஆண்டுகள் பாடுபட்டு, மிளகாய் விற்ற காசைச் சேர்த்து, 1972-ல் கண்மாய் ஆயக்கட்டில் 2 ஏக்கர் 40 சென்ட் வாங்கினார்கள். பத்திரம் கணவர் பெயரில் பதிவானது. அந்தக் காலத்தில் வேறு பெயரில் பதியலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அப்பத்தாவுக்கும் தோன்றவில்லை.

பத்து சென்ட் பிடிவாதம்

நிலம் வாங்கிய நேரத்தில் ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 ரகங்கள் இந்தப் பக்கமும் வந்துவிட்டன. கண்மாயில் தண்ணீர் இருந்து, உரமும் போட்டால் பழைய ரகங்களைவிடக் கூடுதலாக விளைந்தன. கணவர் முழு நிலத்துக்கும் புது ரகம் போட நினைத்தார். அப்பத்தா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. மடைக்குத் தூரத்து மேட்டில் 10 சென்ட்டில் சித்திரைக்கார் மட்டும்தான் விதைக்க வேண்டும்.

காரணம் சாமி. தை மாதம் அய்யனாருக்கு வைக்கும் பொங்கல், அந்தச் சிவப்பு அரிசியில்தான் வைப்பதாக அவருடைய மாமியார் நேர்ந்திருந்தார். மாமியார் நேர்ந்ததை மருமகள் மாற்ற முடியாது.

''ஒன் சாமி பேரச் சொல்லி பத்து சென்ட்ட மொடக்குறியே'' என்று கணவர் வருடாவருடம் சொல்வார். ''ரெண்டு ஏக்கரு முப்பது சென்ட்டு ஒங்களுக்கு. பத்து சென்ட்டு அய்யனாருக்கு. அவரு கேக்கல, நாந்தான் குடுக்குறேன்'' என்று அப்பத்தாவும் வருடாவருடம் சொல்வார்.

கணவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகள் கல்யாணமும், சின்ன மகன் படிப்பும் புது ரக நெல்லில்தான் நடந்தன. அப்பத்தா அதை மறுத்ததில்லை. ஆனால், புரட்டாசியில் புழுதி உழவு ஓட்டி, மழைக்கு முன்பே விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற சித்திரைக்காரை அவர் ஒரு வருடமும் விடவில்லை. நல்ல ஆண்டுகளில் ஒன்றரை மூட்டை கிடைக்கும். பொங்கலுக்கு எடுத்தது போக, விதைக்குரியதை வேப்பிலை, நொச்சி இலை போட்டுக் குலுக்கையில் வைப்பார். மேலே ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் நாணயத்தை முடிந்து போடுவார். அது சாமிக்கு முடிந்தது. அதன்பிறகு அந்தக் குலுக்கையில் வீட்டில் எவரும் கைவைக்க மாட்டார்கள். பூட்டுப் போட்டிருந்தால்கூட அவ்வளவு பாதுகாப்பு இருந்திருக்காது.

முளைப்பாரி சொல்லும் சேதி

ஆடி மாதம் ஊரில் முளைப்பாரித் திருவிழா. மானாமதுரைப் பானைக்காரர்களிடம் வாங்கிய மண் ஓடுகளில் கண்மாய் மண், காய்ந்த எருத்தூள், வைக்கோல் போட்டு, ஊறவைத்த பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, நெல், சோளம், கம்பு என்று தூவுவார்கள். வெளிச்சம் படாத அறையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, இரவில் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். பத்தாம் நாள் மஞ்சள் நிறத்தில் நெடுநெடுவென வளர்ந்த பயிரைத் தலையில் சுமந்து ஊர்வலமாகப் போய், ஊருணியில் கரைப்பார்கள்.

ஒவ்வொரு ஓட்டிலும் அந்தந்த வீட்டு விதை. எந்த வீட்டு முளைப்பாரி அடர்த்தியாக வந்திருக்கிறது, எது சொட்டை விழுந்திருக்கிறது என்று ஊரே பார்க்கும். அப்பத்தா இன்னும் கூர்மையாகப் பார்ப்பார். ஆடியில் முளைப்பாரி, புரட்டாசியில் விதைப்பு. நடுவில் இரண்டு மாதம் இருக்கிறது. தன் வீட்டு மொச்சை சரியாக முளைக்கவில்லை என்றால், நன்றாக முளைத்த வீட்டில் போய் ஒரு படி மாற்றிக்கொள்வார். மற்றவர்களுக்கும் அதையே சொல்வார்.

வேளாண்மை அலுவலர் ஒருவர் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, ''பாட்டி, இது முளைப்புத்திறன் பரிசோதனைதானே?'' என்று கேட்டார். அப்பத்தாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ''சாமிக்கு எடுக்குறோம் தம்பி. சாமி நமக்குக் காட்டிக் குடுக்குது. நீங்க அதுக்கு என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கங்க'' என்றார். அவரைப் பொறுத்தவரை பக்திக்குள் ஒரு தந்திரத்தை ஒளித்து வைக்கவில்லை. சாமி கும்பிடுவதும் விதை பார்ப்பதும் அவருக்கு இரண்டு வேலை அல்ல.

அலுவலர் சொல்லிக்கொடுத்ததையும் அவர் தள்ளவில்லை. ஈரச் சாக்கில் 100 விதைகளை எண்ணிச் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து முளைத்ததை எண்ணும் முறையை அவரிடம் கற்றுக்கொண்டார். நெல்லில் 80-க்குக் குறையக் கூடாது, உளுந்து, பாசிப்பயறில் 75-க்குக் குறையக் கூடாது என்பது சான்று விதைக்கான அளவு. அதற்குக் குறைந்தால் விதையை மாற்றிவிடுவார். நடவுக்கான நெல் விதையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் பதரைத் தள்ளுவதும் அப்படி வந்ததுதான். தண்ணீரில் ஒரு நல்ல முட்டையைப் போட்டு, அது மேலே வந்து நாலணா அளவு வெளியே தெரியும்வரை உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும். மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு, மூன்று முறை அலச வேண்டும், இல்லையென்றால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அலசுவதை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடமாட்டார்.

1994-ல் கணவர் இறந்தார். அந்த ஊர் வழக்கப்படி, அதன்பிறகு அப்பத்தா முளைப்பாரியைத் தலையில் தூக்கக் கூடாது. அதுவரை 40 வருடத்துக்கும் மேல் தூக்கியவர். முதல் வருடம் ஊர்வலம் போகும்போது வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார். அடுத்த வருடத்திலிருந்து, தூக்கப் போகிற பெண்கள் அவர் வீட்டுக்கு வந்து விதை கேட்டார்கள். கொடுத்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறையாகப் பேசியதில்லை. மகளிடம் மட்டும் ஒருமுறை, ''ஒடம்புல தெம்பு இருக்கும்போதே எறக்கி வச்சிட்டாகடி'' என்று சொன்னாராம்.

பன்னிரண்டு படி

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. கண்மாயில் ஆடு மேய்ந்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பெரிய மகன் விதைத்த புது ரக நெல் கதிர் வராமலே கருகிவிட்டது. மிளகாயும் போனது. நகை வங்கியில் இருந்தது. ரேஷன் அரிசி இருந்ததால் உலை எரிந்தது.

மேட்டில் இருந்த 10 சென்ட் சித்திரைக்காரில் ஆங்காங்கே கதிர் வந்திருந்தது. அப்பத்தாவே உட்கார்ந்து உட்கார்ந்து கையால் கொய்தார். தூற்றி அளந்தால் பன்னிரண்டு படி.

தை பிறந்தது. அய்யனாருக்குப் பொங்கல் வைக்க வேண்டும். நேர்ந்தபடி அந்த நெல்லைத்தான் குத்த வேண்டும். குத்தினால் விதை குறையும். அடுத்த ஆண்டும் மழை இல்லையென்றால் விதையே அற்றுப்போகும். அந்த ரகம் ஊரில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. பெரிய மகன், ''கடையில செவப்பரிசி வாங்கி வச்சிருவோம். சாமிக்கு என்ன தெரியவா போகுது?'' என்றார். அப்பத்தா கோபப்பட்டார். சாமியை ஏமாற்றுவதற்கு, சாமிக்கு ஒன்றும் வைக்காமலே இருக்கலாம் என்றார். மருமகள், ''ஒரு படி மட்டும் குத்துவோமா அத்தே?'' என்று கேட்டார். அதற்கும் பதில் இல்லை. இரண்டு நாள் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் குளித்துவிட்டு, பன்னிரண்டு படி நெல்லையும் ஓலைக் கொட்டானில் அள்ளி, மருமகளோடு அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோனார். சாமி முன்னால் இறக்கி வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டச் சொன்னார். பிறகு நெல்லைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். பூசாரி, ''என்னாத்தா, பொங்க வைக்கலையா?'' என்று கேட்டார்.

''சாமி பாத்துருச்சுய்யா. இந்த வருசம் ஊரே பசியா இருக்கு, அவரும் இருக்கட்டும். வர்ற வருசம் சேத்துப் போடுறேன்'' என்றார்.

ஊரில் சிலர் இதைத் தப்பு என்றார்கள். நேர்த்திக்கடனை மீறிவிட்டார் என்று பேசினார்கள். அப்பத்தாவுக்கும் பயம் இருந்தது. அந்த வருடம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் இரண்டு வேளையும் சாப்பிடாமல் இருந்தார். ஆனால், குலுக்கையில் பன்னிரண்டு படியும் அப்படியே இருந்தது. 2017 புரட்டாசியில் விதைத்தார். அந்த ஆண்டு மழை ஓரளவு கைகொடுத்தது. தையில் இரண்டு பானை பொங்கல் வைத்தார். ஒன்று அந்த ஆண்டுக்கு, இன்னொன்று பாக்கி.

பட்டாவில் இல்லாத பெயர்

அதே வறட்சி இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கப் போனபோது, சிட்டாவில் 23 வருடங்களுக்கு முன் இறந்துபோன கணவரின் பெயர்தான் இருந்தது. குடும்பத்தில் யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய அவசரம் எப்போதும் வந்ததில்லை. அந்த முறை நிவாரணப் பணம் கைக்கு வரவில்லை.

பணத்தைவிட அப்பத்தாவை உறுத்தியது வேறு. ''நாலு தலமொறைக்குப் பாடுபட்டவ பேரு ஒரு தாள்லயும் இல்லையாம்ல'' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லிப் பெரிய மகனை விரட்டினார். தானும் கூடவே பேருந்து ஏறிப் போனார்.

அங்கேதான் பிரச்னை வந்தது. நிலம் கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் ஆகிய நான்கு பேருக்கும் சமபங்கு. ஆளுக்கு 60 சென்ட். பெரிய மகன், தங்கையை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, இத்தனை வருடம் நிலத்தைப் பார்த்துக்கொண்டதும் கடன் சுமந்ததும் தான்தான் என்பது அவர் நியாயம். சின்ன மகன் திருப்பூரில் இருந்தார், எதற்கும் சரி என்றார். மகளும் கையெழுத்துப் போடத் தயாராகவே இருந்தார். பிறந்த வீட்டு உறவு போய்விடக் கூடாது என்பது அவர் கவலை.

தடுத்தவர் அப்பத்தா. ''அவ ஏழு வயசுல இருந்து அந்த வயல்ல களையெடுத்தவ. பொம்பளப் புள்ள தூக்குற முளைப்பாரிக்கு மழை பேயணும், அந்த மழை பேயிற நெலம் மட்டும் அவளுக்கு வேணாமா? கையெழுத்துப் போட்டாளோ, எனக்குக் கொள்ளி வைக்க நீ வரவேணாம்'' என்று பெரிய மகனிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் பெரிய மகன் அம்மாவோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே உலை, பேச்சு மட்டும் இல்லை. ஆடி பிறந்து, முளைப்பாரிக்கு விதை எடுத்துத் தரக் குலுக்கை மேல் ஏற அப்பத்தாவால் முடியவில்லை. பெரிய மகன்தான் ஏறினார். ''எந்த முடிச்சு?'' என்று கேட்டார். அதுதான் முதல் பேச்சு. நான்கு பெயரோடும் கூட்டுப் பட்டா வந்தது. மகள் தன் 60 சென்ட்டை அண்ணனிடமே வாரத்துக்கு விட்டார். வருடம் இரண்டு மூட்டை நெல் வருகிறது, அண்ணன் வீட்டுக்குப் போகவும் வரவும் இருக்கிறார்.

2019-ல் பிரதமரின் விவசாயிகள் நிதித் திட்டம் வந்தபோது, பட்டாவில் பெயர் இருந்ததால் அப்பத்தாவும் பதிந்தார். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதல் தவணை 2,000 ரூபாய் வந்ததும் பேத்தியிடம் கைப்பேசியைக் கொடுத்துக் குறுஞ்செய்தியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 80 வயது தாண்டிய பிறகு, அரசாங்கம் அவரை விவசாயி என்று ஏற்றுக்கொண்ட முதல் தாள் அது. 101 ரூபாயைத் தாயமங்கலத்து உண்டியலுக்கு முடிந்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு வாங்கச் சொன்னார்.

தன் பங்கு 60 சென்ட்டை, அந்த மேட்டுப் பத்து சென்ட்டையும் சேர்த்து, பெரிய மருமகள் பெயருக்கு எழுதிவைத்தார். மகனுக்கு எழுதியிருக்கலாமே என்று கேட்டவர்களிடம், ''அவன் வீட்டுக்குத்தான் போகுது. ஆனா, கூட நின்னு கொய்தவ அவ'' என்றார்.

குலுக்கை திறந்தபோது

2022 ஆவணியில் அப்பத்தா இறந்தார். அந்த ஆடி முளைப்பாரிக்கும் அவர் கொடுத்த விதைதான் போயிருந்தது. பெரிய மகன்தான் கொள்ளி வைத்தார்.

காரியம் முடிந்து, புரட்டாசி உழவுக்கு முன்பு மருமகள் குலுக்கையைத் திறந்தார். சித்திரைக்கார் தவிர, தட்டைப்பயறு, மொச்சை, குண்டு மிளகாய் என்று தனித்தனி முடிச்சுகள். மிளகாய் விதை சாம்பல் புரட்டி இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம். எல்லாவற்றிலும் 100 விதை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டிப் பார்த்தார். மொச்சை மட்டும் 60-தான் முளைத்தது, அதைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் மாற்று விதை வாங்கினார். மற்றவை தேறின. சித்திரைக்காரை 10 சென்ட்டுக்குப் பதிலாக 20 சென்ட்டில் விதைத்தார்.

இப்போது ஆடியில் முளைப்பாரி எடுப்பவர்கள் அவரிடம் வந்து கேட்கிறார்கள். மருமகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். சித்திரைக்கார் விதைக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு படி வாங்கிப் போகிறவர்கள், அறுத்ததும் இரண்டு படி திருப்பித் தர வேண்டும். இதுவரை ஐந்து வீடுகள் வாங்கிப் போயிருக்கின்றன. ஐந்துமே திருப்பித் தந்துவிட்டன.